விளக்கைக் கண்டால் கண்ணைப் பொத்தும் வியாதி

புடாபெஸ்ட், டிசம்பர் 1944

அன்புள்ள மகன் தெஜோவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், இந்த ஊரில் இப்போதைக்கு சுகம் என்றால் இதுதான். நீ புவனஸ் ஐரிஸில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நாங்கள் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். பதறாதே, ஒரு நோயும் இல்லை. யூதர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று டாக்டர் எங்களை நோயாளிகளாகப் படுக்க வைத்திருக்கிறார். அவர் பேரை எழுதமாட்டேன். அப்பாவின் நல்ல காலுக்கு மாவுக்கட்டு போட்டு எதிர் வார்டில் கிடத்தியிருக்கிறார். கட்டுக்குள்ளே அரிக்கிறது என்று அவர் போடும் கூச்சல் எனக்குக் கேட்கிறது, ஆனால் இங்கே பொய்ப்பேரில் நான் யாரோ ஒரு விதவை, போய் என்ன ஏது என்று கேட்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவரோடு சண்டை போட்டவளுக்கு இதைவிடத் தண்டனை உண்டா? கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, ஜன்னல் பக்கம் போகக் கூடாது, பீன்ஸ் சூப்பைக் குடித்துவிட்டு முனகிக்கொண்டே கிடக்க வேண்டும். பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நானே எல்லாரையும் காட்டிக்கொடுத்திருப்பேன். கரண்ட் இல்லை என்று பொழுது சாயும்போது கன்னியாஸ்திரி என் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அந்த நேரம் பார்த்து, யூதர்களைப் பிடித்துப்போகும் பச்சைச் சட்டைக்காரர்கள் சோதனைக்கு நுழைந்தார்கள். என் கை என் பேச்சைக் கேட்கவில்லையடா! சுடரைக் கண்டதும், வெள்ளிக்கிழமை விளக்கேற்றி ஜெபிக்கும் பழக்கத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டேன், உதடும் அசைந்துவிட்டது. ஒருவன், இது யூதச்சிங்க வெள்ளிக்கிழமை பண்ற வேலையாச்சே என்று பாய்ந்தான். டாக்டர் குறுக்கே நின்று, கிட்டப் போகாதய்யா, மூளைக்காய்ச்சல், வெளிச்சம் தாங்காது, உனக்கும் ஒட்டிக்கும் என்றார். அவன் பின்வாங்கினான், ஆனால் விடவில்லை. என் தம்பிக்கு வந்தப்ப முதுகுல ஊசி குத்தி நீர் எடுத்தாங்க, இவளுக்கும் எடு, பார்க்கிறேன் என்றான். டாக்டர் எடுத்தார். நான் போட்ட அலறல் எதிர் வார்டு வரை போயிருக்கிறது. அப்பா போர்வையை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தாராம், கன்னியாஸ்திரி சொன்னாள்.

அவர்கள் போனதும் டாக்டர் என் கால்மாட்டில் உட்கார்ந்து, நல்ல முதுகுல குத்திட்டேனேம்மா என்று அழுதார். கை நடுங்காம குத்தினீங்களே, அது போதும் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமே எந்த விளக்கைக் கண்டாலும் கண்ணைப் பொத்திக்கோங்க, அதான் உங்க வியாதி என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை, அதே ஆள் மறுபடியும் வந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றான். நான் அவன் எதிரிலேயே தலைமாட்டு மெழுகுவர்த்தியைக் கண்டு கண்ணைப் பொத்தி, முனகுவதுபோல் ஜெபம் முழுவதையும் சொன்னேன். உன் பேரையும் சொன்னேன்.

தபால் போக வழி திறக்கும்வரை இந்தக் கடிதம் கன்னியாஸ்திரியிடம் இருக்கும். கம்பளிச் சட்டையைப் பூச்சி அரிக்கவிடாதே. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். பெண்டாட்டி வரும்வரை வெள்ளிக்கிழமை விளக்கை நீயே ஏற்று, மறந்துவிடாதே. உன் வீட்டு வாசலில் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள்.

பேர் எழுத முடியாத
உன் அம்மா