என் வீட்டுச் சோபாவில் பதினான்கு மணி நேரம்

அனுப்புநர்:
வெர்னா லிண்ட்கே (வயது 56),
தபால் விநியோகஸ்தர்,
214, சர்ச் தெரு,
ஆல்டர் மில்ஸ், விஸ்கான்சின்.

பெறுநர்:
திரு. கென்னத் வோல்ட் அவர்கள்,
பள்ளிக் கண்காணிப்பாளர்,
ஆல்டர் மில்ஸ் பள்ளிக் கல்வி அலுவலகம்.

பொருள்: எனக்குத் தேவையில்லாத உதவிகளை நிறுத்தக் கோருதல் – உயர்நிலைப் பள்ளிச் சிறப்பு மாணவர் சங்கத்திலிருந்து செல்வி பிரிட்டா ஓஸ்ட்பியை நீக்கிய ஆணையை மறுபரிசீலனை செய்ய வேண்டுதல் – கல்லூரி விண்ணப்பக் கெடு பிப்ரவரி 1 – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இதுவரை யார் மீதும் மனு எழுதியதில்லை. அடுத்தவர் எழுதிய மனுக்களைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பதே இருபத்தேழு ஆண்டுகளாக என் வேலை. ஆகவே முறை ஏதும் தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. சென்றதற்கு முந்தைய குளிர்காலத்தில் நான் பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். அப்போது சர்ச் பெண்கள் நல்லெண்ணத்தோடு என் பெயரை நம் ஊர் உயர்நிலைப் பள்ளியின் 'உதவி தேவைப்படுவோர் பட்டியலில்' சேர்த்தார்கள். கால் எட்டு வாரத்தில் கூடிவிட்டது. நான் மறுபடியும் ஊர் முழுக்க நடந்து தபால் கொடுக்கிறேன். பட்டியல் மட்டும் என்னை இன்னும் நொண்டி என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. பெயரை எடுக்கும்படி மூன்று முறை பள்ளி அலுவலகத்தில் சொன்னேன். ஒவ்வொரு முறையும், நான் பாவம், கூச்சப்படுகிறேன் என்று முடிவுகட்டி இன்னும் இருவரைக் கூடுதலாக அனுப்பினார்கள்.

2. இதன் காரணம் தாங்கள் அறியாததல்ல. பிள்ளைகள் 'ஹானர் சொசைட்டி' என்று சொல்லும் இந்தச் சங்கத்தில் இவ்வாண்டு ஐம்பத்தெட்டு பேர் இருக்கிறார்கள். கல்லூரியில் இடம் கிடைக்க இது அவசியம் என்று எல்லா வீட்டிலும் பேச்சு. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நாற்பது மணி நேரம் சேவை செய்தாக வேண்டும். நம் ஊரிலோ உண்மையில் உதவி தேவைப்படுபவர்கள் பதினொரு பேர். அவர்களிலும் ஆறு பேர் குளிருக்குப் பயந்து நவம்பரிலேயே அரிசோனாவுக்குப் போய்விடுகிறார்கள். மிச்சம் ஐந்து பேரும் நானும். எண்பத்தெட்டு வயதான திரு. ஆர்வில் டாங்க், பள்ளிச் சட்டை போட்ட பிள்ளைகளைத் தெருமுனையில் கண்டாலே கார் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்கிறார். நான் தபாலோடு போனபோது கதவிடுக்கு வழியாக, "போயிட்டாங்களா, வெர்னா?" என்று கேட்டார்.

3. என் நிலையும் அதுவே. சென்ற இலையுதிர் காலத்தில் என் முற்றத்து இலைகளை ஐந்து குழுக்கள் வாரின. நான்காவது குழு வந்தபோது தரையில் இலை இல்லை. அவர்கள் மரத்தை உலுக்கினார்கள். நவம்பரில் ஒரு பையன் பனி அள்ளும் மண்வாரியோடு வந்து, பனி பெய்யாததால், பெய்யும் வரை காத்திருப்பதாகச் சொல்லிப் படியில் உட்கார்ந்தான். இரண்டு பெண்கள் எனக்கு வந்த கடிதங்களை வாசித்துக்காட்ட வந்தார்கள். ஊருக்கே விலாசம் படித்துக் கடிதம் கொடுப்பவள் நான் என்று எடுத்துச் சொன்னேன். "பரவாயில்ல மிஸ் லிண்ட்கே, நீங்க ரெஸ்ட் எடுங்க," என்று சொல்லி மின்கட்டண அறிவிப்பை உரக்க வாசித்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனாலும் போதும் போதும் என்றாகிவிட்டது.

4. இதுவரை எழுதியது என் தொல்லை. இதற்காக மட்டும் என்றால் தங்களுக்குச் சிரமம் கொடுத்திருக்க மாட்டேன். இனி எழுதப்போவது என் தவறு.

5. அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி பிரிட்டா ஓஸ்ட்பி என் ஜன்னல்களைத் துடைக்க வந்தாள். ஊருக்கு வடக்கே ஐம்பத்திரண்டு கறவை மாடுகள் உள்ள ஓஸ்ட்பி பண்ணை அவர்களுடையது. செப்டம்பரில் அவள் அப்பாவுக்குத் தோளில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. பண்ணையாளும் வேலையை விட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து விடியற்காலை நான்கரைக்கும் மாலை நான்கரைக்கும் அவளும் அவள் அம்மாவுமே பால் கறக்கிறார்கள். நடுவில் பள்ளி. அன்று பூட்ஸைக் கழற்றுவதற்காக என் சோபாவில் உட்கார்ந்தவள், ஒரு காலில் பூட்ஸ் இருக்கும்போதே தூங்கிவிட்டாள். நான் எழுப்பவில்லை, போர்வையைப் போர்த்திவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத் துள்ளி எழுந்து, "ஐயய்யோ, மன்னிச்சிடுங்க! ஜன்னல் எங்க? வாளி எங்க?" என்று பதறினாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷ் ஒரு தட்டு அவள் கையில் கொடுத்து, ஜன்னல் எங்கேயும் ஓடிவிடாது என்று சொல்லி அனுப்பினேன்.

6. இவ்வாறே ஏழு ஞாயிறுகள். ஒவ்வொரு முறையும் துடைத்தே தீருவதென்று உறுதியோடுதான் வருவாள். முதலில் சாப்பிடு என்பேன். சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

7. சேவை நேரத்துக்கான நீலப் படிவத்தில் உறவினர் அல்லாத பெரியவர் ஒருவர் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. 'செய்த சேவை' என்று ஒரு கட்டமும் உண்டு. ஐயா, தபால் துறையில் வராத பொருளுக்கு வந்ததாகக் கையெழுத்து வாங்கினால் வேலை போய்விடும். இந்தப் பழக்கம் எனக்கு எலும்பு வரை ஊறிவிட்டது. ஏழு வரிகளிலும், "ஹாட்டிஷ் சாப்பிட்டாள். தூங்கினாள். 2 மணி நேரம்," என்று நேர்மையாக எழுதிக் கையொப்பமிட்டு, உறையில் இட்டு ஒட்டி, நானே பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண்ணிடம் காட்டவில்லை. உண்மையை எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

8. சங்கத்தின் பொறுப்பாசிரியை திருமதி ஆர்டித் குவாமென் அந்தப் பதினான்கு மணி நேரத்தையும் தள்ளுபடி செய்தார். அவளுக்கு அரையாண்டு மணிக்கணக்கு குறைந்தது. டிசம்பர் 16 அன்று பிரிட்டா சங்கத்திலிருந்து நீக்கப்பட்டாள். ஆர்டித்தும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் மீது எனக்குக் குறையில்லை. நான் தொலைபேசியில் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அடி வெர்னா, படிச்சிட்டுச் சிரிச்சேன், அப்புறம் அழுகையே வந்துச்சு. ஆனா நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை நான் எப்படி மாத்துவேன்? 'ஜன்னல் துடைச்சா'ன்னு எழுதியிருந்தா நான் ஒரு கேள்வி கேட்டிருப்பேனா?"

9. மாடு கறப்பதைச் சேவையாக ஏற்கலாமே என்று கேட்டேன். சொந்த வீட்டு வேலை கணக்கில் வராதாம். இல்லாத இலைகளை வாரியது கணக்கில் வந்திருக்கிறது. ஐம்பத்திரண்டு மாடுகளைக் கறந்தது வரவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் மரியாதைக் குறைவாகிவிடும்.

10. பிரிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால்பண்ணை அறிவியல் படிக்க விரும்புகிறாள். அவளுக்கு அதைத் தவிர வேறு ஆசை இருப்பதாகத் தெரியவில்லை. விண்ணப்பத்தை முக்கால்வாசி நிரப்பியிருந்தவள், நீக்கக் கடிதம் வந்த அன்றே அதை மூடி வைத்துவிட்டாள். கெடுவுக்கு இன்னும் இருபது நாட்களே உள்ளன. அதைக் கேள்விப்பட்ட நாள் முதல், அவளுக்குத் தூக்கம் கொடுத்த எனக்குத் தூக்கம் போய்விட்டது.

11. ஆகவே சென்ற திங்களன்று மதிய உணவு நேரத்தில் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவை நானே தொலைபேசியில் அழைத்தேன். இந்தச் சங்கத்தில் இருப்பது சேர்க்கைக்கு உண்மையில் எவ்வளவு உதவும் என்று நேராகவே கேட்டேன். பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் இளைஞர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "உண்மையைச் சொல்லட்டுமாம்மா? எனக்கு வர்ற விண்ணப்பத்துல பாதிக்கு மேல அந்தச் சங்கத்துப் பேரு இருக்கு. அதைப் பார்த்து ஒருத்தரைச் சேர்த்துக்கறதும் இல்ல, அது இல்லன்னு தள்றதும் இல்ல. மார்க்கு, என்ன பாடம் எடுத்தாங்க, பள்ளிக்கூடம் விட்டு என்ன பண்றாங்க, இதைத்தான் பார்ப்போம்." ஐம்பத்திரண்டு மாடுகள் என்றேன். "தினமுமா?" என்றார். மாட்டுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது என்றேன். "அம்மா, முதல்ல அந்தப் பொண்ணை விண்ணப்பம் போடச் சொல்லுங்க," என்றார்.

12. ஓடிப்போய் இதைப் பிரிட்டாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "போன்ல எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க மிஸ் லிண்ட்கே. போன வருஷம் சேர்ந்தேன், இந்த வருஷம் இல்லன்னா, ஏன்னு கேட்பாங்கல்ல? நீக்கிட்டாங்கன்னு போட்டா, ஏதோ காப்பியடிச்சு மாட்டிக்கிட்டேன்னுதானே நினைப்பாங்க? தூங்கினதுக்காக நீக்கினாங்கன்னு எழுதினா இன்னும் கேவலம்," என்றாள். ஐயா, அந்தச் சங்கம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பொருட்டல்ல. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது மானப் பிரச்சினை. இரண்டும் ஒன்றல்ல. அவள் மானப் பிரச்சினையை அந்தத் தொலைபேசி இளைஞரால் தீர்த்துவைக்க முடியாது. தங்களால் முடியும்.

13. எனவே தாங்கள் கருணை கூர்ந்து:

அ) நீக்க ஆணையை ரத்து செய்யலாம். அது விதிக்குப் பொருந்தாதெனில், 'குடும்பப் பொறுப்பு காரணமாகத் தானே விலகினாள்' என்று திருத்தலாம். அதுவும் முடியாதெனில், தவறான சேவைச் சான்று கொடுத்தவள் என்று என் மீது நடவடிக்கை எடுக்கலாம். உண்மையில் அந்தப் பதினான்கு மணி நேரமும் சேவை செய்தவள் நான். சமைத்தேன், போர்த்தினேன், ரேடியோவை அணைத்தேன். வேண்டுமானால் அதை என் பெயரில் எழுதி, சங்கத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம்தான் பாக்கி.

ஆ) பல்கலைக்கழகத்துக்குப் பள்ளி அனுப்பும் அறிக்கையில், அவள் காலையிலும் மாலையிலும் செய்யும் வேலையை ஒரு வரியாவது எழுதும்படி பள்ளி ஆலோசகருக்கு ஆணையிடலாம். சாட்சி தேவையெனில் நான் இருக்கிறேன். சென்ற வியாழனன்று காலை ஐந்து மணிக்கு அந்தத் தொழுவத்துக்குப் போய் என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லி அழைக்கிறாள். நான் உதவுவதாகச் சொன்னேன். "வேண்டாம், நீங்க ரெஸ்ட் எடுங்க," என்றாள்.

இ) மற்ற இரண்டும் நடக்காவிட்டாலும் இதையாவது செய்ய வேண்டுகிறேன். பிப்ரவரி 1-க்குள் தாங்களே அவளை அழைத்து, விண்ணப்பத்தை அனுப்பும்படி சொல்ல வேண்டும். நான் சொன்னால் பாசத்தில் சொல்வதாக நினைக்கிறாள். ஆர்டித் சொன்னால் பரிதாபத்தில் சொல்வதாக நினைப்பாள். தாங்கள் அப்படியெல்லாம் பேசக்கூடியவர் அல்ல என்பது ஊருக்கே தெரியும், அதனால் நம்புவாள்.

என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பது மெதுவாக நடக்கட்டும். அவசரமில்லை.

14. கடைசியாக ஒரு விவரம். இன்றும் ஞாயிற்றுக்கிழமை. ஒரு மணிக்குப் பிரிட்டா வந்தாள். இனி இங்கே வரும் நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது, படிவமும் கிடையாது என்று வாசலிலேயே சொன்னேன். "தெரியும்," என்று சொல்லிவிட்டு பூட்ஸைக் கழற்றினாள், இம்முறை இரண்டையும். என் அம்மா இறந்து ஆறு ஆண்டுகளாகிவிட்டன. அதன் பிறகு, இவள் வரும் வரை, இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் தூங்கியதில்லை. நான் இதைச் சமையலறை மேசையில் மெல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தாங்கள் ஞாயிறன்றும் அலுவலகத்தில் இருப்பதாகக் கேள்வி. மனுவைக் கண்டதும் தொலைபேசியை எடுக்கும் நல்ல மனது தங்களுக்கு உண்டு. ஆனால் பதிலைத் தயவுசெய்து தபாலிலேயே அனுப்பவும். எந்த ஞாயிறானாலும் ஒன்று முதல் மூன்று மணி வரை இந்த வீட்டில் மணி அடிக்க வேண்டாம். அவள் நாலரைக்குப் பால் கறக்கப் போக வேண்டும்.

தங்கள் முடிவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
வெர்னா லிண்ட்கே

இடம்: ஆல்டர் மில்ஸ்
நாள்: 12 ஜனவரி 2025

இணைப்பு: நீலப் படிவத்தின் நகல் – 1. (ஏழு வரிகளும் என் கையெழுத்தே. எதையும் திருத்தவில்லை.)