அப்பா வாங்கிய பெரிய சைக்கிள்

ஏனுங்க,

அண்ணன் இன்று சூரமங்கலத்திலிருந்து ஒரு புது சைக்கிளைக் கொண்டுவந்து வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் நிறுத்தினார். நம் மகளுக்கு வரப்போகும் மாப்பிள்ளைக்குச் சீர். சீட்டின் புதுத் தோல் வாசனை வீடு முழுக்க ஏறிவிட்டது. உங்கள் ஞாபகத்தில் நான் நின்றுவிட, அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. இருபத்து நான்கு அங்குல பிரேம். "பெருசாக் குடுத்தாத்தான் மாப்பிள்ளைக்கு மருவாதி" என்றார். அப்படியே என் அப்பாவின் பேச்சு! "இதக் கொண்டுபோயித் திருப்பிக் குடுத்துப்போட்டு, மாப்பிள்ளையக் கடைக்கே கூட்டிட்டுப் போங்க. காலப் போட்டு நின்னு பாக்கட்டும்" என்றேன். சீரை மாப்பிள்ளையே அளவு பார்த்து வாங்குவதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறார். போகட்டும்.

நம் கல்யாணத்தில் அப்பா செய்ததும் இதேதானே. ஆறடி மனிதர், கடையில் தன் காலைத் தூக்கிப் போட்டுப் பார்த்து வாங்கினார். சின்ன பிரேம் கொடுத்தால் மாப்பிள்ளை குட்டை என்று ஊர் சொல்லுமே என்ற பயம் வேறு. நீங்கள் குட்டைதான். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? நடுவில் ஓடும் பாரைத் தாண்டிக் கால் போட்டால் உங்கள் பெருவிரல்கூடத் தரையைத் தொடாது. ஏற ஒரு கல், இறங்க ஒரு கல். புதுச்சத்திரம் வரைக்கும் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். கல் கிடைக்காத நாளில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருவீர்கள். "மாத்திப்போடுங்க" என்றால், "மாமா ஆசையாக் குடுத்தது, மனசு நோவும்" என்பீர்கள். மஞ்சள் பற்றுப் போடும்போது எனக்கு உங்கள் மேல் கோபம் வரும். அப்பா மேல் அதைவிட.

மகள் வயிற்றில் இருந்தபோது ஒருநாள் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனீர்கள். கடலை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தீர்கள், ஊன்றக் கால் எட்டவில்லை. அப்படியே இருவரும் வரப்பில் சாய்ந்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினீர்கள், ஏறவில்லை. "ஊட்டுக்கு நடந்தே போலாம் சாமி" என்றீர்கள். மறுநாளே கடைக்குப் போய் இருபது அங்குலத்துக்கு மாற்றிவந்தீர்கள். இரண்டு பாதமும் தரையில் பதிய நின்று, பாருக்கும் வேட்டிக்கும் நடுவே விரலை விட்டு எனக்குக் காட்டினீர்கள்.

அப்பா வந்த அன்று உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. சைக்கிளை வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளித்துவைத்தீர்கள். எருமையைப் பார்க்கப் போனவர் அதைப் பார்த்துவிட்டார். ஏறி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க வாசலை ஒரு சுற்றுச் சுற்றினார். இறங்கி, "என்னுங்க மாப்பிள்ளை, இத்தன நாளும் எனக்கோசரமா உளுந்துக்கிட்டு இருந்தீங்க?" என்றார். "அப்பிடியெல்லாம் இல்லீங்க மாமா" என்று பச்சைப் பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்க்காகவே உங்களை எனக்கு இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

அதன்பிறகு நான் "நிறுத்துங்க" என்ற இடத்திலெல்லாம் நிறுத்தினீர்கள். ஆவாரம்பூ பறிக்க, ஆட்டுக்குட்டியைப் பார்க்க, ஒன்றுமில்லாமல் சும்மாவும். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "ஆச்சுங்களா அம்மிணி?" என்று திரும்பிப் பார்ப்பீர்கள்.

போன ஐப்பசியில் நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோதும் உங்கள் காதருகே "நிறுத்துங்க" என்றுதான் சொன்னேன். அந்த ஒரு தடவைதான் நீங்கள் நிற்காமல் போய்விட்டீர்கள். இப்போதும் அண்ணனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தால், அவர் கால் ஊன்றும்வரை என் கை அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் சட்டையைப் பிடித்துப் பழகிய கை. அதற்கு விடத் தெரியவில்லை.