மணிக்குக் காது கேட்கவில்லை

ஆவணி, செவ்வாய் இரவு

கூரத்து நிலத்தில் மோட்டார் ஒயரை நேற்று ராத்திரி யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருக்கிற செம்புக்காகத்தான். நெல் பால் பிடிக்கிற நேரம். தண்ணீர் நின்றால் அவ்வளவுதான்.

காலையில் இவர் போனபோது எங்கள் நாய் மணி மோட்டார் கொட்டகை வாசலிலேயே தூங்கிக்கொண்டிருந்ததாம். அதையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தும் இவருக்குக் கோபம் அடங்கவில்லை. "பக்கத்துல வந்து அறுத்துக்கினு போறான், ஒரு கொரல் கொடுக்கல. இதுக்கு எதுக்குச் சோறு?" என்று கத்தினார். முதுகைக் காட்டிப் படுத்திருந்த மணி திரும்பக்கூட இல்லை.

எனக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. அதன் பின்னால் போய்த் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். காதுகூட அசையவில்லை.

இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் கூப்பிட்டா வருதேமா?"

"உங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருக்குதுங்க. அதான் வருது."

வெகுநேரம் அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "அடிச்சுப் போட வந்திருந்தாக்கூட இதுக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் புது ஒயர் இழுத்தார். காவலுக்கு இன்று அவரே போயிருக்கிறார். அந்த ஆட்கள் திரும்பி வந்தால்... நினைக்கவே பயமாக இருக்கிறது. மணியை வீட்டிலேயே விடச் சொன்னேன். "என்கூட வரட்டும்" என்று வண்டியில் முன்னால் ஏற்றிக்கொண்டார்.

இப்போதுதான் போன் செய்தார். "ஒயரு இருக்குது. மணி என் கால்மேல தலைய வெச்சித் தூங்குது. நீயும் தூங்குமா."