கம்பியில் கட்டிய லேஸ்

மே 23, 1998, சனி

உள்ளங்கையில் மூன்றாவது கொப்புளமும் உடைந்துவிட்டது. டெஸ்ஸாவுக்கு ஒன்றுகூட இல்லை. எப்படி வரும்? புல்வெட்டும் மிஷினைத் தள்ளுகிற நேரத்தைவிட அவள் வீட்டுக்காரர்களோடு வாயடிக்கிற நேரம்தான் அதிகம். "நான் மேனேஜர், நீ லேபர்" என்கிறாள். பதின்மூன்று வயதில் மேனேஜர்!

இன்றைக்கு நான்கு வீடு. திங்கட்கிழமை நினைவு நாள், கல்லறைக்குப் பூ வைக்க வெளியூர் சொந்தமெல்லாம் வரும். அதற்குள் எல்லாருக்கும் வாசல் புல்லை வெட்டியாக வேண்டும். இதுவரை அவர்கள் வீட்டுப் புல்லை யார் வெட்டினார்கள் என்று அவர்களுக்கே மறந்துவிட்டது போல. தபால்காரர்கூட "விட்டெக் அண்ட் கட்லெக் கம்பெனி எப்படிப் போகுது?" என்று கேட்டார். கட்லெக் நான். என் பெயர் ஏன் இரண்டாவது என்று டெஸ்ஸாவோடு இன்னும் சண்டை முடியவில்லை.

மிஷின் மிஸஸ் மாரெக் கொடுத்தது. ஊரிலுள்ள புல்வெட்டும் மிஷின் அத்தனைக்கும் அவர்தான் வைத்தியர், வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில். எங்களுக்காக ஒரு பழையதைப் பிரித்து, புது கேபிள் மாட்டி, வாயில் சூயிங்கம்மோடு சொன்னார்: "பிளேடு பக்கம் கை போகக் கூடாது. நின்னு போனாலும் போகக் கூடாது. உள்ள தங்கக் காசு கிடந்தாலும் போகக் கூடாது. சரியா கண்ணுங்களா?"

மே 30, சனி

இன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கைப்பிடிக்கு மேலே ஒரு கம்பி இருக்கிறது. அதையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தால்தான் மிஷின் ஓடும், விட்டால் நின்றுவிடும். பெரிய ஆட்கள் கைக்காகச் செய்தது அது. எனக்கு விரல் எட்டுவதே பாடு. கொப்புளத்துக்குக் காரணமே அந்தக் கம்பிதான். பழைய ஷூவிலிருந்து லேஸை உருவி, கம்பியைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். அப்பாவும் போன வருஷம் எங்கள் வீட்டு மிஷினில் இப்படித்தான் கயிறு கட்டியிருந்தார். என்ன சுகம்! ஒரு கையாலேயே தள்ளலாம்.

டெஸ்ஸா பார்த்துவிட்டு, "மூளைக்காரிடி நீ. சரி, உன் பேரையே முதல்ல போட்டுக்கலாம்" என்றாள்.

ஜூன் 5, வெள்ளி

மழை. மழை. ஐந்து வீடு பாக்கி. புல் நமக்காகக் காத்திருக்காது.

ஜூன் 12, வெள்ளி

டெஸ்ஸாவின் கை.

ஜூன் 13, சனி

எழுதினால் கொஞ்சம் குறையும் என்று நினைத்து எழுதுகிறேன்.

மிஸ் ஹோலப் வீடு. நான்காம் வகுப்பில் எங்களுக்குப் பாடம் எடுத்த அதே டீச்சர். புல் நனைந்திருந்தது, அடைத்து அடைத்துக்கொண்டது. நான் வாசல் படியில் எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன். என் முறை முடிந்து அவள் முறை. மிஷின் திணறி நின்றது. அவள் குனிந்து, புல் வெளியே வருகிற வாயில் கையை விட்டாள். புல் கட்டி வெளியே வந்ததும் பிளேடு ஒரே ஒரு சுற்று சுற்றியது. ஒரே சுற்றுதான்.

வலது கை. ஆள்காட்டி விரலும் நடு விரலும்.

அவள் கத்தவில்லை. "கெல்ஸி, பாரேன்" என்றாள். ஏதோ பூச்சியைக் காட்டுவது போல. நான் சட்டையைக் கழற்றிச் சுற்றி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் படியில் உட்கார வைத்தேன். மிஸ் ஹோலப் போன் செய்தார். ஆம்புலன்ஸில் தொண்டராக வந்தவர் பேங்க்கில் வேலை பார்க்கிற ஸ்டான் மாமா.

லிங்கன் நகர ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். விரல்களை ஒட்டவைக்க முடியவில்லையாம்.

ஜூன் 14, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கட்டிப் பிடித்தார்கள். "நீ இல்லைன்னா அந்தப் பொண்ணு என்ன ஆயிருப்பா!" அம்மாவுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

அந்த இன்னொன்றை எழுத வேண்டுமா? எழுதாவிட்டால் மட்டும் இல்லாமல் போய்விடுமா?

கம்பியிலிருந்து கையை எடுத்தால் மிஷின் அப்படியே இறுகி நிற்கும். பிளேடும் அசையாது. அதற்குத்தான் அந்தக் கம்பி. நான் கட்டி வைத்ததால்தான் சுற்றியது.

டெஸ்ஸாவை வண்டியில் ஏற்றினார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் இருந்தார்கள். நான் மிஷினிடம் போனேன். முடிச்சு அவிழவில்லை. என் கையெல்லாம் அவள் ரத்தம், லேஸ் வழுக்கியது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது - இல்லை. பொய். யோசித்துத்தான் செய்தேன்.

நான் என்ன பிறவி?

ஜூன் 20, சனி

டெஸ்ஸா அப்பா மிஸ்டர் விட்டெக் மிஷினை எடுத்துப்போய்த் தன் வீட்டு வாசலில் வைத்துச் சோதித்துப் பார்த்தார். நான்கைந்து ஆண்கள் கைகட்டி நின்றார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கம்பியைப் பிடித்தால் ஓடியது, விட்டால் நின்றது. பத்துத் தடவையும் நின்றது.

"இப்ப நிக்குது. அன்னைக்கு ஏன் நிக்கல?" என்று கேட்டார். அவரே சொன்னார்: "கம்பியிலேர்ந்து போற கேபிள் சிக்கியிருக்கு. அந்தப் பொம்பளை மாட்டின கேபிள். பழைய குப்பையை ஒட்டுப்போட்டுக் குழந்தைங்க கையில குடுத்திருக்கா."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும், இரண்டே வார்த்தை. வாய் திறக்கவில்லை.

ஜூன் 27, சனி

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தம்பியை அடித்தது, ஜெபம் சொல்லாமல் தூங்கியது, பொய் சொன்னது. என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்று! ஒரு சாதாரணப் பொய்க்குக்கூட அதைவிட அதிகம் கொடுப்பார்.

ஜூன் 28, ஞாயிறு

மிஸஸ் மாரெக் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பூசை முடிவதற்குள் எழுந்து போய்விட்டார்.

ஜூன் 30, செவ்வாய்

டெஸ்ஸா வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா செய்த ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சே பன்னை எடுத்துக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற ஏதாவது இருக்கா?" என்றாள். "அம்மா நாளைக்குப் கசகசா வச்சது செய்றாங்க" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலி போல.

ஜூலை 4, சனி

டெஸ்ஸா ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் திரட்டத் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் காலை உணவு. ஊரே வந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் என்னை மேலே கூப்பிட்டு, தீயணைப்புக்காரர்கள் சட்டம் போட்ட பாராட்டுத்தாள் கொடுத்தார்கள். 'துணிவுக்காக' என்று எழுதியிருக்கிறது. பேப்பர்காரர் போட்டோ எடுத்தார். "சிரிம்மா" என்றார். சிரித்தேன்.

டெஸ்ஸா வரவில்லை. மிஸஸ் மாரெக்கும் வரவில்லை.

செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று முதல்முறையாகத் தோன்றியது. பயந்துபோய் அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

ஜூலை 9, வியாழன்

பாராட்டுத்தாளை அப்பா ஹாலில் மாட்டிவிட்டார். மூன்று தடவை கழற்றினேன். மூன்று தடவையும் திரும்ப மாட்டினார். "அடக்கம் இருக்க வேண்டியதுதான், ஆனா இவ்வளவு வேண்டாம்" என்கிறார்.

ஜூலை 11, சனி

மிஸஸ் மாரெக் வந்தார். எங்கள் வீட்டுக்கு. உள்ளே வரவில்லை, வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டார். வாயில் சூயிங்கம் இல்லை. அதில்லாமல் அவர் முகம் யாரோ மாதிரி இருந்தது.

"கண்ணு, நீதான் அங்க இருந்த. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கம்பி அதுக்கு முன்னாடி எப்பவாச்சும் ஒட்டிக்கிச்சா? கையை விட்டதும் சட்டுன்னு போகாம மெதுவாப் போச்சா? யோசிச்சுச் சொல்லு."

நான் யோசிப்பது போல நின்றேன். பிறகு சொன்னேன்: "ஒட்டியிருக்கலாம்."

"அப்படியா?" என்றார்.

"ஒண்ணு ரெண்டு தடவை."

தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். "அப்ப நான்தான்" என்றார். என் தோளைத் தட்டிவிட்டு - என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்!

அய்யோ. நான் ஏன் அப்படிச் சொன்னேன்? யார் கேட்டா ஒண்ணு ரெண்டு தடவைன்னு? வாயை மூடிட்டு இருந்திருந்தாக்கூடப் பாவம் பாதியோட நின்னிருக்குமே!

ஜூலை 14, செவ்வாய்

ஷெட்டுக்குப் பூட்டு. பழுது பார்க்க வந்திருந்த மிஷின்களையெல்லாம் அவரே வண்டியில் ஏற்றி ஒவ்வொரு வீட்டிலும் இறக்கிவிட்டாராம், வேலை முடியாததையும். "இனிமே தொடறதில்லை" என்றாராம். சாப்பிடும்போது அம்மா சொன்னாள். "அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார் அப்பா.

நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

ஜூலை 15, புதன்

ஒன்றுமில்லை. படுத்தே கிடந்தேன்.

ஜூலை 18, சனி

டெஸ்ஸாவிடம் சொன்னேன். அவள் அறையில், மதியம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், லேஸ், பல், பாக்கெட் எல்லாவற்றையும். அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"லேஸ் எனக்குத் தெரியாதா? கட்டினப்ப நான்தானே பக்கத்துல நின்னேன்" என்றாள்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்." கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் நகர்த்தி வைத்தாள். பிறகு, "கட்டினதுக்கு நான்கூடத்தான் சிரிச்சேன், அது ரெண்டு பேர் தப்பு. விரல் போனதுக்கு உன்மேல கோவமே வரல. வாசல் பெல் அடிக்கறப்பல்லாம் இன்னைக்குச் சொல்லிடுவா, இன்னைக்குச் சொல்லிடுவான்னு படுத்திருந்தேன். நீ கொலாச்சே எடுத்துட்டு வந்த."

"மிஸஸ் மாரெக்..."

"அப்பா அவங்களைத் திட்டறப்பல்லாம் காதைப் பொத்திக்கிட்டேன். ஒரு கையால." என்னை நேராகப் பார்த்தாள். "போ கெல்ஸி."

எங்கே போகச் சொன்னாள் என்று கேட்கவில்லை. நேராக மிஸஸ் மாரெக் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததும் படியிலேயே நின்று சொன்னேன். இந்தத் தடவை அழக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன், அழவில்லை.

முழுசும் கேட்டார்.

"அஞ்சு வாரமா," என்றார், "அந்த மிஷினை மனசுக்குள்ள கழட்டிக் கழட்டிப் பாக்கறேன். ஒவ்வொரு திருகாணியா. எதை விட்டேன், எதை விட்டேன்னு. அந்தப் பொண்ணு கையை நான்தான் எடுத்துட்டேன்னு." சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "வேலியோரம் வந்து உன்கிட்ட கேட்டேனே."

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"இல்லை" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 19, ஞாயிறு

அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அப்பா வெளியே போனார். எங்கள் வீட்டு மிஷினில் அவர் கட்டியிருந்த கயிற்றைக் கத்தியால் அறுக்கிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளே வந்து, "வண்டியில ஏறு" என்றார். மிஸ்டர் விட்டெக் வீட்டுக்கு.

அவர் அப்பாவிடம் மட்டும், "இனிமே உங்க பொண்ணு இங்க வர வேணாம்" என்றார்.

திரும்பி வந்ததும் அப்பாவே பாராட்டுத்தாளைக் கழற்றினார்.

ஆகஸ்ட் 1, சனி

மிஷினில் கோளாறு இல்லை என்று பேப்பரில் நான்கு வரி போட்டிருக்கிறார்கள், கடைசிப் பக்கத்தில், உழவு மிஷின் விளம்பரத்துக்குக் கீழே. என் பெயர் இல்லை. தேவையே இல்லை, ஊருக்கே தெரியும். மளிகைக்கடையில் ஸ்டான் மாமா என்னைத் தாண்டிப் போனார், ஏதோ அலமாரியைத் தாண்டுவது போல.

ஆகஸ்ட் 24, திங்கள்

பள்ளி திறந்தது. டெஸ்ஸா இடது கையால் எழுதப் பழகுகிறாள். எழுத்து நண்டு போல ஓடுகிறது. அவள் மேஜையில் எனக்கு இடமில்லை. நான் கேட்கவும் இல்லை. ஷெட் இன்னும் பூட்டியே கிடக்கிறதாம். பிறகு எதற்குச் சொன்னேன்? யாருக்கு என்ன கிடைத்தது?

செப்டம்பர் 12, சனி

அப்பா ஆணி வாங்கிவரச் சொன்னார். ஜூலையில் அந்தக் கதவு சாத்தியதிலிருந்து மிஸஸ் மாரெக் தெருவைத் தவிர்த்துத் தேவாலயத்துப் பக்கமாகச் சுற்றித்தான் போகிறேன். இன்று சைக்கிளில் காற்றுக் குறைவு, சுற்றிப் போகத் தெம்பில்லை. நேர்வழியில் போனேன்.

ஷெட் கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரே ஒரு மிஷின். மிஸ்டர் விட்டெக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய மிஷின்தான். மிஸஸ் மாரெக் அதைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை. ஆனால் தாடை அசைந்துகொண்டிருந்தது, சூயிங்கம்.

டெஸ்ஸா தங்கள் வண்டியின் முன் சீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடைக்குப் போய் ஆணி வாங்கினேன். திரும்பும்போதும் அந்தத் தெரு வழியாகவே வந்தேன்.