ஒன்பது பத்துக்கு வருபவர்

ஜனவரி 8, புதன்

இன்று வலைப்பூவுக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் மூன்று தடவை நானேதான் போயிருப்பேன். போன் கையில் இருந்தால் விரல் சும்மா இருக்கிறதா?

இருந்தாலும் மறுபடி எழுதுவதென்று முடிவு பண்ணிவிட்டேன். இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது போதும். ஞாயிறுக்கு ஒரு பதிவு. சலவைக் கடையில் பதினெட்டு வருடமாகக் கறை எடுக்கிறவளுக்கு எழுத விஷயமா இல்லை? எந்தத் துணி வந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். என்ன கறை, எத்தனை நாள் ஆச்சு என்று பார்த்து நான் மருந்து வைத்த பிறகுதான் மெஷினுக்கே போகும்.

வீட்டில் பேச ஆளில்லை என்பதும் ஒரு காரணம். அம்மா போன பிறகு இந்த இரண்டு அறையும் நானும்தான். எழுதி வைக்கிறேன், எனக்கு நானே பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஜனவரி 12, ஞாயிறு

துருக்கறை பற்றிப் பதிவு போட்டேன். எலுமிச்சை, உப்பு, வெயில். இந்த மூன்று வார்த்தைக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தேன். பார்த்தவர்கள் ஆறு பேர்.

ஜனவரி 17, வெள்ளி

கடை வாசலில் இருக்கும் கம்ப்யூட்டரில் வலைப்பூவைத் திறந்து இஸ்திரி அண்ணனுக்குக் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கடைசி வரை படித்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு. வேலை பார்க்கும்போது வாய் ஓயாம பேசுவியே, அது எங்க போச்சு?"

சுருக்கென்றது. அதோடு விட்டாரா? "முன்னாடி ஒண்ணு எழுதினியே, ஆயிரம் பேர் படிச்சாங்கன்னு. அதையே திரும்பப் போடேன், கூட்டம் தானா வரும்."

அதற்குள் ஒருத்தர் மூட்டையோடு உள்ளே வந்தார். நல்லவேளை. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு என் மேசைக்கு ஓடிவிட்டேன்.

ஜனவரி 18, சனி

அந்தப் பதிவு. ஒரு தடவையாவது இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

தம்பி ஒரு நாள் வெள்ளைச் சட்டையைச் சுருட்டிக் கொண்டுவந்தான். முதுகு முழுக்க கிரீஸ். "அக்கா, யாருக்கும் தெரியாம எடுத்துக் குடு" என்றான். ஆபீஸில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவன் முதுகில் கிரீஸ் எப்படி வரும் என்று நான் யோசித்தேனா? சிரித்தேன். சட்டையைப் படம் பிடித்து, "நாற்காலியில் உட்கார்ந்தே கிரீஸ் பூசிக்கொள்ளும் வித்தை தெரிந்த என் தம்பி" என்று எழுதிப் போட்டேன். இந்த வலைப்பூவை எனக்கு ஆரம்பித்துக் கொடுத்ததே அவன்தான். ஆயிரத்து இருநூறு பேர் படித்தார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

படித்தவர்களில் ஒருத்தி அவன் மனைவி. ஆபீஸ் வேலை போய் நாலு மாசம் ஆகியிருந்தது. தினமும் ஆபீஸ் சட்டையோடு கிளம்பிப் போய், ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்திருக்கிறான். அவளிடம் சொல்ல ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருந்தானாம்.

"நீ பதினாறு வருஷமா கறையைப் பார்க்கிற. என்னைப் பார்க்கலியே அக்கா." அவன் கடைசியாகப் பேசினது இதுதான். அன்றே பதிவை மறைத்தேன். மறைத்து என்ன?

ஜனவரி 27, திங்கள்

ஒரு விஷயம். வலைப்பூவின் கணக்குப் பக்கத்தில் யார் எப்போது வந்தார்கள் என்று நேரம் காட்டும். பெயர் தெரியாது. தினமும் காலை ஒன்பது பத்துக்கு ஒருவர் வருகிறார். இரண்டு நிமிடம் முன்னே பின்னே. ஞாயிறு மட்டும் இல்லை. ஆக, வேலைக்குப் போகிற ஆள்.

தம்பி முன்பெல்லாம் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்து, டீயை வாங்கிக்கொண்டு எனக்குப் போன் பண்ணுவான். "பத்து நிமிஷம் என் அக்காவுக்கு" என்பான்.

இருக்காது. — இருந்தால்?

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று பேனா மை பற்றி எழுதினேன். ஆனால் மருந்துச் சீட்டாக இல்லை. சின்ன வயசில் நான் மெத்தையில் மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்டு, மெத்தையைத் திருப்பிப் போட்டு, அதன் மேலேயே மூன்று மாதம் படுத்திருந்ததை எழுதினேன். மாட்டிக்கொண்டபோது அடி வாங்கினவன் தம்பி என்பதை எழுதவில்லை. அது அவனுக்கும் எனக்கும் தெரியும். என்னை மட்டும்தான் கேலி செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்.

ஒருத்தருக்குச் சொல்வதுபோல எழுதினால் கை தானாக ஓடுகிறது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

ஒன்பது ஒன்பதுக்கே வந்துவிட்டார். ஒரு நிமிடம் முன்னதாக! பைத்தியக்காரி மாதிரி நாள் பூரா சிரித்துக்கொண்டு திரிந்தேன். மருந்து மாற்றி வைக்காமல் தப்பித்தது அதிசயம்.

பிப்ரவரி 20, வியாழன்

நேற்று மட்டும் முப்பத்தொரு பேர். ஒரு நர்ஸ் கேள்வி கேட்டிருக்கிறார்: வெள்ளைச் சீருடையில் ரத்தம், வெந்நீரில் போட்டுத் துவைத்துவிட்டாராம். ஐயோ. வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு ஒட்டிக்கொள்ளுமே. என்னால் முடிந்ததைச் சொன்னேன். "நீங்கள் எழுதுவதை டூட்டி முடிந்து பஸ்ஸில் படிக்கிறேன்" என்று பதில் வந்தது.

நல்ல விஷயம்தான். ஆனால் என் கண் ஒன்பது பத்தைத்தான் தேடுகிறது.

மார்ச் 10, திங்கள்

வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்றைக்கும் இல்லை. போன பதிவை நாலு தடவை படித்துப் பார்த்தேன். என்ன தப்பா எழுதிட்டேன்? அம்மாவோட பழைய போர்வையைப் பற்றி எழுதினது அவனுக்குப் பிடிக்கலியா? உடம்புக்கு ஏதாவதா? யாரைக் கேட்கிறது நான்?

மார்ச் 13, வியாழன்

தெரிந்துவிட்டது.

கடைக் கம்ப்யூட்டர் ஞாயிற்றுக்கிழமை ரிப்பேருக்குப் போயிருந்தது. மூன்று நாளாக முதலாளி நோட்டில்தான் ரசீது எழுதினார். இன்று காலை ரிப்பேர்காரர் கொண்டுவந்து மாட்டினார். "ஆன் பண்ணினதும் ரசீது போடுற பக்கத்துக்குப் பின்னாடி ஒரு பழைய பக்கம் தானா திறக்குது சார். ரெண்டு மாசமா அப்படியே இருக்கு. கறை கிறைன்னு ஏதோ. எடுத்துட்டேன், இனிமே வேகமா வரும்" என்றார்.

முதலாளி தினமும் ஒன்பது பத்துக்குக் கடையைத் திறந்து ஆன் பண்ணுவார். ஞாயிறு கடை லீவு.

இஸ்திரி அண்ணனுக்குக் காட்டிவிட்டு மூடாமல் ஓடினேனே, அந்தப் பக்கம். நானே திறந்து வைத்து, நானே தம்பி என்று பேர் வைத்து, அதுக்காகவே ஐந்து ஞாயிறு உட்கார்ந்து எழுதி... யாருமே இல்லை. ஒரு நாள் கூட யாருமே இருந்ததில்லை. ஒரு பெட்டி.

மார்ச் 16, ஞாயிறு

பதிவு போடவில்லை. துவைக்கவில்லை. மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

சாயங்காலம் ஒன்று தோன்றியது. அவனுக்காக ஐந்து பதிவு எழுதியிருக்கிறேன், ஒரு தடவை போன் பண்ணவில்லை. இரண்டு வருடமாக நம்பர் கையிலேயே இருக்கிறது. பண்ணினேன்.

அவன் மனைவி எடுத்தாள். "அவர் போனை வீட்ல வெச்சிட்டுப் போயிட்டார், இன்னும் ஒர்க்‌ஷாப்ல இருந்து வரல அண்ணி. ஞாயித்துக்கிழமைலதான் வண்டி நிறைய வருது." சாதாரணமாகச் சொன்னாள், மறைக்க எதுவும் இல்லாதவள் மாதிரி. வலைப்பூ பற்றி நானே கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே.

"இல்லண்ணி. அன்னிக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் அதைத் திறக்கவே இல்ல." உள்ளே மகள் கூப்பிடுவது கேட்டது. "நீங்க கூப்பிட்டீங்கன்னு சொல்றேன்."

தப்பு என்னுதுதான், அதையும் சேர்த்துச் சொல்லு என்றேன். உடனே வைத்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

அவன் கூப்பிடவில்லை.

நர்ஸ் கேட்டிருக்கிறார்: "ரெண்டு ஞாயிறு ஆளையே காணோம், உடம்பு சரியில்லையா?" அதற்குக் கீழே இன்னும் ஒருவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவராம்: "நானும் பார்த்தேன்."

படித்துவிட்டு மேசையிலேயே அழுதேன். இஸ்திரி அண்ணன் பார்த்துவிட்டு, "மருந்து கண்ல பட்டுடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். நம்பின மாதிரி நடந்துகொண்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நர்ஸுக்காக, டூட்டிக்குப் போடும் வெள்ளைக் காலணியில் படும் கறை பற்றி எழுதினேன். யாருக்கு எழுதுகிறேன் என்று இந்தத் தடவை தெரியும்.

முடித்ததும் அந்தப் பழைய பதிவை எடுத்தேன். மறைத்து வைத்ததை ஏன் இத்தனை நாள் அழிக்கவில்லை? ஆயிரத்து இருநூறு. அந்த எண்ணை அப்பப்போ போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வெட்கமாக இருக்கிறது. "நிரந்தரமாக நீக்கவா?" என்று கேட்டது. நீக்கு என்றேன். படமும் போயிற்று.

ஏப்ரல் 16, புதன்

அறுபத்திரண்டு பேர். சாப்பிட்டேன். துணி மடித்தேன்.

ஏப்ரல் 23, புதன்

காலை ஒன்பதே முக்காலுக்குப் போன் முனகியது. தம்பி. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு படம்.

அவன் மகளுடைய வெள்ளைச் சீருடை. முதுகில் கிரீஸில் இரண்டு கை. பத்து விரலும் தெளிவாகத் தெரிகிறது. கீழே இரண்டு வரி: "ஒர்க்‌ஷாப்ல இருந்து நேத்து நேரா ஸ்கூலுக்குப் போய்த் தூக்கிட்டேன். இது போகுமா அக்கா?"

போகும் என்று எழுதினேன். தண்ணீர் காட்டாதே. முதலில் பவுடரைத் தூவி அரை மணி விடு, தட்டிவிட்டு பாத்திரம் கழுவும் சோப்பை விரலால் தேய். போகாவிட்டால் என்னிடம் கொண்டு வா.

"சனிக்கிழமை கொண்டு வரேன்" என்று உடனே பதில் வந்தது. சோப்புத் தேய்த்துப் பார்க்க அதற்குள் நேரமே இருந்திருக்காது.

படத்தை இஸ்திரி அண்ணனுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இதை எழுதினா ஊரே படிக்கும்மா" என்றார். உண்மைதான். பத்து விரல்கள். முதல் வரி கூட மனசில் வந்துவிட்டது.

எழுத மாட்டேன்.