மாடித் தரையில் ஒரு ஓட்டை

கஜா பெராங், மலாக்கா
22.1.1958

அன்பு மகன் சேதுபதிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் முதுகைத் தவிர. லண்டன் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. முதுகுக்கு என்ன என்று கேட்பாய், சிரிக்காமல் படி.

மெர்டேக்கா, சுதந்திரம் வந்த சமயத்தில் நாம் சாப்பாட்டுக் கடை போட்ட இந்தப் பழைய செங்கல் வீட்டை நீ பார்த்ததில்லை. சுவர் ஒரு முழத் தடிமன், வெயில் உள்ளே வராது. ஆனால் நடுவில் கூரையில்லாத முற்றம், மழை வந்தால் ரசத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. நாங்கள் குடியிருப்பது மாடியில். அந்தப் பலகைத் தரையில், முன் கூடத்துக்கு நேர் மேலே, மூடி போட்ட சின்ன ஓட்டை ஒன்று உண்டு. வாசலுக்கு வந்தது யார் என்று அந்தக் காலத்துப் பெண்கள் மேலிருந்தே பார்ப்பார்களாம். இப்போது நான் பார்க்கிறேன்.

நீயாகப் பெண் தேடிக்கொண்டாய் என்ற கோபத்தில், ஜெயாவின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்று வீறாப்புப் பேசினாரே உன் அப்பா. போன ஞாயிறு அவளையும் அவள் அப்பா தேவதாஸ் வாத்தியாரையும் நான்தான் சாப்பிட வரச் சொன்னேன். அதை அப்பா காதில் மெல்லப் போட்டேன். உடனே தலைவலி என்று மாடிக்குப் போனவர், குப்புறப் படுத்து மூடியைத் தூக்கியிருக்கிறார். தூசி நேராக அவள் இலையில் விழுந்தது. அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, மேலே படுத்திருக்கிற ஐயாவுக்கும் ஒரு கோப்பி குடுங்க என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியம். தெங்கேராவில் அவர்கள் வீட்டிலும் இதே ஓட்டைதானாம். சின்ன வயசுல இவ அதுலயேதான் குடியிருந்தா என்றார் வாத்தியார்.

அப்பாவுக்கு எழுந்திருக்க முடியவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது. ஜெயாதான் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

நேற்று மனிதர் ஆசாரியைக் கூப்பிட்டு மூடிக்கு ஆணி அடிக்கச் சொன்னார். ஏன் என்றேன். அந்தப் பிள்ளை நாளைக்கு இந்த மாடியிலதானே இருக்கும், கீழே கல்லாவுல நான்ல உட்கார்ந்திருப்பேன் என்கிறார்.

கம்பளிச் சட்டையைப் போடாமல் வெளியே போகாதே. அப்பாவுக்குத் தனியாக, பணிவாக ஒரு கடிதம் எழுது, சிரித்ததாகக் காட்டிக்கொள்ளாதே. படிப்பை முடித்து நல்லபடியாக வந்து சேர், நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும். ஒரு ஆணியை மட்டும் அவருக்குத் தெரியாமல் தளர்த்தி வைத்திருக்கிறேன், வருகிறவளுக்கு வேண்டியிருக்கும்.

ஆசியுடன்,
உன் அம்மா பூங்காவனம்