மூன்றாம் தொட்டியும் என் கட்டைவிரலும்

அன்புள்ள வாலுக்கு,

வயிறாரச் சாப்பிடும் ஓர் உயிரை எந்தக் கணத்திலிருந்து நோயாளி என்று சொல்வது? மீன் இரத்தத்தைச் சோதிப்பதே பிழைப்பாக இத்தனை வருடம் ஓட்டியும் எனக்குப் பதில் தெரியவில்லை. நீயும் பிள்ளைகளும் நலம்தானே?

பண்ணையில் மூன்றாம் தொட்டியை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பாக்டீரியா உள்ளே புகுந்ததும் மீனின் இரத்தத்தில் சில புரதங்கள் ஏறும். உடம்பில் புண்ணோ சோர்வோ தெரிவதற்கு முன்பே ஏறிவிடும். அந்தத் தொட்டி மீன்களுக்கு ஏறியிருக்கிறது. முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒரு கை தீனியை வீசிக் காட்டினார். தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் மேலே வந்தன. "இந்த ஆட்டம் போடுறதுக்கா மேடம் சீக்கு? வலையில அடிபட்டிருக்கும், அதான் உங்க மெஷின் கத்துது" என்றார். காயத்துக்கும் கொஞ்சம் ஏறும்தான், ஆனால் இவ்வளவு ஏறாது என்றேன். வாயை நம்பாதீர்கள், இரத்தத்தை நம்புங்கள் என்றும் சொன்னேன். "என் வாயையா, மீன் வாயையா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இனி நீ திட்டப்போகும் பகுதி. அந்த மீன்களில் ஒன்றுக்கு இரத்தம் எடுக்கும்போது அதன் முதுகுமுள் கையுறையைத் துளைத்து என் இடது கட்டைவிரலில் ஏறிவிட்டது. விரல் வீங்கியிருக்கிறது. நர்ஸ் தங்கை இருந்து என்ன பயன் என்று கேட்காதே. நீ வார்டில் செய்வதுபோலவே சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டேன். சிவப்பு அதைத் தாண்டி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

டாக்டரிடம் போனேன், சோதனைக்கு இரத்தம் கொடுக்கச் சொன்னார். மீனுக்கு வரும் கிருமிகளில் சில மனிதருக்கும் தாவும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னதே நான்தான். அப்புறம் என்ன நினைத்தேனோ, முள் குத்தினால் புரதம் ஏறத்தானே செய்யும், அதில் என்ன தெரிந்துவிடப்போகிறது என்று வாதாடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கும்போதுதான் அது முதலாளியின் வாதம் என்று உறைத்தது. திரும்பி ஏறக் கால் வரவில்லை.

சாப்பாடு நன்றாக இறங்குகிறது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

அம்மாவிடம் சொல்லாதே. நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதே, வந்து என்ன செய்யப்போகிறாய்? பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ நன்றாக இரு.

உன்
அக்கா

மறுநாள் எழுதுவது: காலையில் மூன்றாம் தொட்டியில் தீனி அப்படியே மிதந்தது. முதலாளி தொட்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "மீனை அப்புறம் பாக்கலாம், வண்டியில ஏறுங்க மேடம்" என்றார். இரத்தம் கொடுத்தேன். முடிவும் வந்துவிட்டது: காயத்துக்கு இவ்வளவு ஏறாது. படுக்கையில் சேர்த்துவிட்டார்கள், மருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. சிவப்பு முழங்கையை நெருங்கிவிட்டது. இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.

உனக்கு லீவு கிடைக்குமா?